லா பாஸ் (பொலிவியா): ஒரே நாள், தனி ஆள். இந்தக் கணக்கு தேறுமா?

ஜன்னலோரம் | ஜூன் 2, இரவு 9:14

லிமாவிலிருந்து விடிகாலை விமானம். காலை ஏழு மணிக்கு எல் ஆல்டோவில், லா பாஸின் விமான நிலையம் இருக்கும் மேட்டு ஊரில், இறக்கிவிடும். மறுநாள் காலை உப்புப் பாலைவனத்து ஊரான உயுனிக்கு விமானம். நடுவில் கிடைப்பது ஒரே நாள், 18-ஆம் தேதி, வியாழன். போட்டு வைத்த கணக்கு இது: இறங்கியதும் நேராக 16 டி ஹுலியோ சந்தை, அங்கிருந்து சிவப்புக் கேபிள் காரில் கீழே, சான் பிரான்சிஸ்கோ தேவாலயம், சூனியக்காரிகள் சந்தை, முரில்லோ சதுக்கம், ஹாயேன் தெரு, கில்லி கில்லி மேடு, நிலாப் பள்ளத்தாக்கு, இருட்டும்போது திரும்ப மேலே ஏறி ஊர் விளக்குகள்.

வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. நடந்தே முடித்துவிடலாம் என்பது என் கட்சி. எங்கே உதைக்கும்?

குட்டிச்சுவர் | ஜூன் 2, இரவு 9:31

மூச்சில்.

வடக்குவாசல் | ஜூன் 2, இரவு 10:47

தட்டையான வரைபடத்தை வைத்து லா பாஸுக்குத் திட்டம் போடவே கூடாது. விமான நிலையம் 4,061 மீட்டரில் இருக்கிறது. காற்று அவ்வளவு மெல்லியது என்பதால் விமானம் மேலெழும்ப ஓட வேண்டிய தூரமும் அதிகம், அதற்காகவே ஓடுபாதையை நாலு கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டிருக்கிறார்கள். நடு ஊர் சுமார் 3,600. தெற்கே கலக்கோட்டோ பக்கம் 3,300 சொச்சம். லிமா கடல் மட்டம். இரண்டு மணி நேரத்தில் நாலாயிரம் மீட்டர் ஏறிப் போய் இறங்குகிறீர்கள். உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீத ஆக்சிஜன்தான்.

ஊரின் அமைப்பைப் பாருங்கள். நடுவே சோக்கெயாப்பு ஆறு ஓடுகிறது. கண்ணில் படாது, பிராடோ சாலைக்கு அடியில் மூடிவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ நிற்பது அந்த ஆற்று மட்டத்தில். அங்கிருந்து முரில்லோ சதுக்கத்துக்கு ஒரு கரையில் ஏற்றம், சூனியக்காரிகள் சந்தைக்கு எதிர்க்கரையில் ஏற்றம். காலனிக் காலத்தில் ஸ்பானியர் ஒரு கரையிலும் ஐமாரா பூர்வகுடி மக்கள் மறு கரையிலும் இருந்தார்கள். நீங்கள் எழுதியிருக்கும் வரிசைப்படி போனால் இரண்டு கரையையும் காலால் ஏறுவீர்கள், அதுவும் முதல் நாளிலேயே.

ஏற்றம் எல்லாவற்றையும் டாக்சிக்கும் கேபிளுக்கும் விடுங்கள். இறக்கத்தை மட்டும் நடங்கள். டாக்சியில் ஹாயேன் தெருவுக்குப் போய் இறங்கி, அங்கிருந்து முரில்லோ சதுக்கம். சதுக்கத்திலிருந்து இன்னொரு டாக்சியில் எதிர்க்கரை உச்சியில் இருக்கும் இல்லாம்பு தெரு. அங்கிருந்து சகர்நாகா தெரு வழியாக இறங்கினால் நடுவில் லினாரெஸ் தெரு குறுக்கிடும், சூனியக்காரிகள் சந்தை அதுதான். இன்னும் இறங்கினால் சான் பிரான்சிஸ்கோ. எல்லோரும் கீழிருந்து மேலே மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள், நீங்கள் எதிர்த்திசையில் கைவீசிக்கொண்டு வரலாம். கருங்கல் பாவிய தெரு, மழை பெய்தால் வழுக்கும். ஜூனில் மழை அநேகமாக இருக்காது.

நிலாப் பள்ளத்தாக்கும் கில்லி கில்லியும் அன்றைக்கு வேண்டாம்.

ஜன்னலோரம் | ஜூன் 3, காலை 7:05

சந்தை? வியாழக்கிழமை அமைந்ததே அதற்காகத்தான்.

வடக்குவாசல் | ஜூன் 3, காலை 8:20

வியாழனும் ஞாயிறும்தான் கூடும், அது சரி. ஆனால் பழைய வண்டி உதிரிபாகம் முதல் கல்யாண உடுப்பு வரை விற்கிற, கிலோமீட்டர் கணக்கில் நீளும் நெரிசலுக்குள், தூக்கம் இல்லாத தனி ஆள், முதுகில் பை, பைக்குள் பாஸ்போர்ட். ஜேப்படிக்காரர்கள் தேடுவது இந்த ஆளைத்தான். முதலில் தங்குமிடத்தில் பையைப் போடுங்கள். சந்தையைப் பற்றிச் சாயங்காலம் எழுதுகிறேன், வேறு வழி இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி | ஜூன் 3, காலை 11:12

உயரத்துக்கான மாத்திரை பற்றி யாரும் பேசவில்லையே. அசிடசோலமைட், நம் கடைகளில் டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். உங்கள் விஷயத்தில் லிமாவில். தலைவலி வந்த பிறகு போட்டால் தடுப்பு என்ற பயன் போய்விடும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் தொடக்கூடாது, அதனால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் நாக்குக்குப் பிடிக்காது. இதெல்லாம் மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம்.

அங்கே மருந்துக்கடையில் சொரோச்சி மாத்திரை என்று கேட்டால் தருவார்கள். அதில் இருப்பது ஆஸ்பிரினும் காஃபீனும். தலைவலியைக் குறைக்கும், உடலை உயரத்துக்குப் பழக்காது. வயிற்றுப் புண் உள்ளவர்கள் தள்ளி நிற்கவும். கோகா தேநீர் சூடாக இருக்கும், வாந்தி உணர்வைக் கொஞ்சம் ஆற்றும், அவ்வளவே.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல் நிற்காமல் வருவது, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது: இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் சுற்றிப் பார்ப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனை, ஆக்சிஜன். கலக்கோட்டோவுக்கு இறங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். 300 மீட்டர் போதாது.

தயிர்சாதம் | ஜூன் 3, பிற்பகல் 1:40

சைவமா அசைவமா? லா பாஸ்ல அது பெரிய கேள்வி.

ஜன்னலோரம் | ஜூன் 3, பிற்பகல் 2:02

சைவம். முட்டை, பால் எல்லாம் ஓகே.

தயிர்சாதம் | ஜூன் 3, மாலை 4:55

அப்ப கேளுங்க. "சின் கார்னே"ன்னு சொன்னா மாட்டிறைச்சி இல்லாம கோழியைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பாங்க, ஏமாத்தணும்னு இல்ல, அவங்களுக்கு கார்னேன்னா அதுதான். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ"ன்னு மூணையும் சொல்லணும், மாடு, கோழி, மீன் மூணும் வேண்டாம்னு. சூப் பக்கமே போகாதீங்க. நிலக்கடலை சூப், கினோவா சூப்னு பேரு சாதுவா இருக்கும், அடியில எலும்பு கொதிச்சிருக்கும்.

காலையில ஊரே சால்தேன்யா தின்னும். சுட்ட சோமாசி மாதிரி இருக்கும், உள்ளே குழம்பு. பத்து, பதினொன்றுக்குள்ள சாப்பிடணும், மதியத்துக்கு மேல நல்ல கடையில மிஞ்சாது. படுக்க வச்சுக் கடிச்சா சட்டையெல்லாம் குழம்பு. நிமிர்த்திப் பிடிச்சு, மேல் முனையை மட்டும் கடிச்சு, முதல்ல சாறை உறிஞ்சிடணும், அப்புறம் ஓட்டைச் சுத்தி மெதுவா இறங்கணும். உள்ளே ஒரு ஆலிவ் கிடக்கும், கொட்டையோட. பல் பத்திரம். அந்தக் குழம்பு மாவுக்குள்ள எப்படி ஒழுகாம நிக்குதுன்னா, ஜெலட்டின் போட்டு உறைய வச்சு, கட்டியா இருக்கும்போதே மூடிச் சுடுறாங்க, அடுப்புல அது உருகிடும். அதனால சைவ சால்தேன்யான்னு பலகை போட்டிருந்தாலும் "சின் ஹெலத்தினா"வான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

கவலையில்லாம சாப்பிட: பிளாத்தோ பாசேன்யோ. வேகவச்ச சோளக்கதிர், பெரிய அவரை, தோலோட உருளைக்கிழங்கு, பொரிச்ச பாலாடைக்கட்டி. சில கடையில கூடவே ஒரு துண்டு இறைச்சி வைப்பாங்க, முன்னாலேயே வேண்டாம்னு சொல்லிடுங்க. அதோட யாஹ்வா. தக்காளி, லொகோத்தோ மிளகாய், கில்கின்யா தழை, உப்பு, பச்சையா அரைச்சது. நம்ம அம்மி கணக்கா ஒரு தட்டைக் கல், மேல அரைவட்டக் குழவியை உருட்டாம ஆட்டி ஆட்டி அரைப்பாங்க. காரம் நமக்கே உறைக்கும். சாயங்காலம் குளிருக்கு ஆப்பி, ஊதாச் சோளத்துல பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சின கெட்டிக் கஞ்சி, தொட்டுக்க இல்ல, கூடக் கடிக்க பாலாடைக்கட்டி வச்சுப் பொரிச்ச பாஸ்தெல். உமிந்தா, அரைச்ச சோளத்துல செய்யுற பலகாரம், வாங்குறப்ப "மான்தேகா" சேர்த்திருக்கான்னு கேளுங்க, பன்றிக் கொழுப்பா இருக்கலாம்.

லான்சா சந்தையில பழச்சாறு குடிச்சா டம்ளர் காலியானதும் "யாபா"ன்னு கேளுங்க. கொசுறு ஊத்துவாங்க.

குட்டிச்சுவர் | ஜூன் 3, மாலை 5:10

முதல் நாள் முழு பிளாத்தோ பாசேன்யோ வேண்டாம். அந்த உயரத்தில் செரிமானம் மந்தம். அவரையும் பாலாடைக்கட்டியும் உள்ளே போய் இரவு பத்து மணிக்கு விவாத இழை தொடங்கும்.

தயிர்சாதம் | ஜூன் 3, மாலை 5:18

பாதி சொல்லுங்க, "மெதியோ". அது நியாயம்தான். தண்ணி அங்க 88 டிகிரியிலேயே கொதிச்சிடுது, அதனால அரிசி, பருப்பு எல்லாம் விறைப்பாவே இருக்கிற மாதிரித் தெரியும். கடைக்காரர் மேல கோபப்படாதீங்க.

வடக்குவாசல் | ஜூன் 3, இரவு 10:30

சாயங்காலக் கேபிள் சுற்று. இந்த நாளின் உண்மையான சரக்கு இதுதான், மற்றதெல்லாம் குறைந்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

மி டெலிஃபெரிகோ, அதாவது இந்தக் கேபிள் கார், 2014-இல் சிவப்புத் தடத்தோடு தொடங்கியது. கட்டியது ஆஸ்திரியாவின் டாப்பல்மைர். இன்று பத்துத் தடங்கள், சுமார் முப்பது கிலோமீட்டர். சுற்றுலாவுக்குக் கட்டியதல்ல, ஊரின் பேருந்து அதுதான். நீங்கள் போகவேண்டிய வரிசை: சென்ட்ரல் நிலையத்தில் சிவப்பு, 16 டி ஹுலியோ வரை. அங்கே வெள்ளித் தடத்துக்கு மாறி, பள்ளத்தின் விளிம்போடு மிராதோர் வரை. அங்கே மஞ்சளுக்கு மாறி லிபெர்த்தாதோர் வரை இறக்கம், ஏறக்குறைய அறுநூறு மீட்டர். காது அடைக்கும், எச்சில் விழுங்குங்கள். அங்கே வெளிர்நீலத்துக்கு மாறினால் பிராடோ. பெட்டிக்குள் இருக்கும் நேரம் மட்டும் சேர்த்தால் முக்கால் மணி, மாறும் நடை, வரிசை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி.

சீட்டு வாங்கும்போது நாலு தடத்தையும் சன்னலில் சொல்லிவிடுங்கள்: ரோஹா, பிளாத்தேயாதா, அமரியா, செலெஸ்தே. முதல் தடம் 3 போலிவியானோ, தொடரும் ஒவ்வொன்றும் 2 என்பது நெடுநாள் கணக்கு. ஒவ்வொன்றாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் வரிசை, ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். சீட்டைக் கசக்காதீர்கள், மாறும் இடத்தில் குறியீட்டைத் திரும்பக் காட்ட வேண்டும். பெட்டி முழுசாக நிற்காது, நடை வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். பத்து பேர் கொள்ளும். பையை முன்னால் மாற்றிக்கொண்டு ஏறுங்கள். மஞ்சளில் மட்டும், ஏறியதும் கீழ்நோக்கிப் பார்க்கும் இருக்கையைப் பிடித்துவிடுங்கள். இல்லிமானி பனிமலை, 6,438 மீட்டர், எதிரே முழுசாக வரும்.

சந்தைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சிவப்பின் உச்சி நிலையம் சந்தையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பாதி சந்தையைப் பெட்டிக்குள்ளிருந்தே பார்த்துவிடலாம். இறங்க ஆசையிருந்தால் அரை மணி, நிலையத்தை ஒட்டிய தெருக்கள் மட்டும், போன் உள்பையில்.

குட்டிச்சுவர் | ஜூன் 4, காலை 6:50

நேரம் சொல்லாமல் விட்டீர்களே, அதுதானே உயிர். ஜூன் நடுவில் சூரியன் ஆறு மணி வாக்கில் விழும். வேலை முடிந்து ஜனங்கள் எல் ஆல்டோவுக்குத் திரும்புவது மேல்நோக்கி. ஐந்தரைக்கு மேல் சிவப்பின் கீழ்நிலையத்தில் வரிசை தெருவுக்கு வந்துவிடும், சந்தை நாளில் மூட்டை முடிச்சோடு. ஆகவே நாலு, நாலேகாலுக்கு மேலே போய்விடுங்கள். அதே நெரிசல் நேரத்தில் மஞ்சளில் கீழே வரும் பெட்டிகள் காலியாக வரும். ஐந்தே முக்காலுக்கு மிராதோரில் இருந்தால் இல்லிமானி சிவக்கும்போது நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள், லிபெர்த்தாதோர் வருவதற்குள் ஊர் விளக்கு போட்டிருக்கும். இருட்டில் இன்னொரு முறை மேலே ஏறவே வேண்டாம்.

ஜன்னலோரம் | ஜூன் 4, காலை 7:30

இது நல்ல சேதி. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

வடக்குவாசல் | ஜூன் 4, காலை 9:15

எட்டரைக்கு அறைக்குப் போய்விட்டால் பத்து வரை படுத்திருங்கள். தூங்காவிட்டாலும் பரவாயில்லை, படுத்திருங்கள். பத்தரைக்கு சிற்றுண்டி, பதினொன்றுக்கு ஹாயேன் தெரு. காலம் தள்ளக்கூடாது, ஏனென்றால் அருங்காட்சியகங்கள் பல பன்னிரண்டரைக்குச் சாத்திவிட்டு மூன்று மணிக்குத்தான் திறக்கும். அந்தத் தெருவில் நாலு நகராட்சி அருங்காட்சியகங்களுக்கு ஒரே சீட்டு. நாலையும் பார்க்க நேரம் கிடையாது. பெத்ரோ தொமிங்கோ முரில்லோவின் வீடு ஒன்று; 1810 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டவர், சதுக்கத்துக்குப் பெயர் கொடுத்தவர். இன்னொன்று லித்தோரால், சிலியிடம் போரில் பறிகொடுத்த கடற்கரைக்காகவே ஒரு அருங்காட்சியகம். 1879-இல் தொடங்கிய போர் அது, கடல் இல்லாத நாடு இன்றும் மார்ச் 23-ஐக் கடல் நாளாகக் கொண்டாடுகிறது. இந்த இரண்டும் போதும்.

சதுக்கத்தில் நாடாளுமன்றக் கடிகாரத்தைப் பாருங்கள். 2014 முதல் எண்களும் முட்களும் தலைகீழ்த் திசை. தென்கோளத்தில் சூரியக் கடிகாரத்தின் நிழல் இடமாகத்தான் சுற்றும், அதனால் இதுவே எங்களுக்குச் சரி என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான், ஆனால் மியூசியம் மூடும் நேரத்துக்கு அதை நம்ப வேண்டாம். சதுக்கத்தில் ஒரு விளக்குக் கம்பத்தில்தான் 1946-இல் அதிபர் வியாரோயெலைக் கூட்டம் தொங்கவிட்டது. இப்போது புறாக்கள்.

லினாரெஸ் தெருவில் காய்ந்த லாமாக் கருக்கள் தொங்கும். புது வீட்டு அஸ்திவாரத்தில் பூமித்தாய் பச்சமாமாவுக்குப் புதைப்பதற்காக. படம் எடுக்கும் முன் கடைக்கார அம்மாவிடம் கேளுங்கள், ஏதாவது சின்னதாக வாங்கிவிட்டுக் கேட்பது உத்தமம்.

மாத்திரைப்பெட்டி | ஜூன் 4, காலை 11:40

நிலாப் பள்ளத்தாக்கை அப்படி ஒரேயடியாகத் தள்ளியதில் எனக்கு உடன்பாடில்லை. மதியம் தலைவலி மண்டையைப் பிளந்தால் மேலே 4,000-க்குப் போவதைவிட அது நல்லது. நடு ஊரைவிடத் தாழ்ந்த இடம், களிமண் தூண்களுக்கு நடுவே கால் மணி, முக்கால் மணி என்று இரண்டு பாதைகள், சின்னது போதும். நிழல் கிடையாது, தொப்பி கட்டாயம். மல்லாசா என்று கண்ணாடியில் எழுதிய மினிபஸ். நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரம்கூட ஆகும். இறங்க வேண்டிய இடத்தை ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடவும்.

வடக்குவாசல் | ஜூன் 4, பிற்பகல் 12:25

யோசித்தால் அதுவும் சரி. உடம்பு கேட்டால் கேபிள் சுற்று, கேட்காவிட்டால் தெற்கே நிலாப் பள்ளத்தாக்கு. இரண்டும் ஒரே நாளில் கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

குட்டிச்சுவர் | ஜூன் 5, இரவு 8:44

பணம். 2011 முதல் அதிகாரபூர்வ விலை டாலருக்கு 6.96 என்று நின்றது. 2023-இல் டாலர் தட்டுப்பாடு வந்ததும் வெளிச்சந்தை விலை தனியாக ஓட ஆரம்பித்தது. இறங்கும் வாரத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு மாற்றுங்கள், கார்டில் எந்த விலை விழுகிறது என்பதையும். டாலர் நோட்டு புத்தம் புதிதாக இருக்கட்டும். ஓரத்தில் நகம் அளவு கிழிசல் இருந்தால் திருப்பித் தந்துவிடுவார்கள், வங்கியில் கொடுத்தாலும் சரி. 200 போலிவியானோ நோட்டை டாக்சியில் நீட்டாதீர்கள். ஒன்று, இரண்டு நாணயங்கள் ஒரு கைப்பிடி வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு அதுதான் வேண்டும், காகிதம் வாசலில் எண்ணித் தருவார்கள், உபயோகித்ததைக் கூடையில் போட வேண்டும், கோப்பையில் அல்ல.

தெருவில் மடக்கி டாக்சி ஏறாதீர்கள், தனி ஆள். கூரையில் தொலைபேசி எண் போட்ட ரேடியோ டாக்சி, அல்லது தங்குமிடத்தில் சொல்லி அழைத்தது. மப்டி போலீஸ் என்று ஒருவர் அட்டையைக் காட்டிப் பாஸ்போர்ட் கேட்டு, ஸ்டேஷனுக்குப் போகலாம், இந்த வண்டியில் ஏறு என்றால் ஏறக்கூடாது. நடந்தே வருகிறேன், ஓட்டலுக்குப் போய்க் காட்டுகிறேன் என்று சத்தமாகச் சொல்லுங்கள். பழைய தந்திரம், இன்னும் ஓடுகிறது.

வரிக்குதிரை வேஷம் போட்டவர் சாலை நடுவே கையைப் பிடித்தால் பயப்பட வேண்டாம். அது நிஜமாகவே நகராட்சி. 2001 முதல் சாலை கடக்கச் சொல்லித் தருகிறார்கள்.

தயிர்சாதம் | ஜூன் 5, இரவு 9:20

சன்ஸ்கிரீன் டப்பாவைத் திறக்குறப்ப மூஞ்சிக்கு நேரா வச்சுக்காதீங்க. கடல் மட்டத்துல மூடினது, மேல வந்ததும் உள்ளிருக்கிற காற்று விரிஞ்சு பீச்சி அடிக்கும். சிப்ஸ் பாக்கெட் எல்லாம் தலையணையா இருக்கும்.

மாத்திரைப்பெட்டி | ஜூன் 6, காலை 10:05

விட்டுப்போன பெரிய விஷயம்: மஞ்சள் காய்ச்சல் ஊசி. லா பாஸ் உயரத்தில் அந்தக் கொசுவே கிடையாது, அதனால் தேவையில்லை என்று பயணத் தளங்களில் போட்டிருப்பார்கள். நோய்க்கு அது சரி. ஆனால் இந்திய விமான நிலையச் சுகாதார அதிகாரிகள் பார்ப்பது ஊரை அல்ல, நாட்டை. பொலிவியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் மஞ்சள் அட்டை (ஊசி போட்ட சான்று) கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்; எந்த நாள், முன்பதிவு உண்டா என்று முதலில் விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போகவும்.

கோகா தேநீர்ப் பொட்டலத்தை நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். பொலிவியாவில் சட்டப்படி விற்பது, இந்தியாவில் கோகா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. பைத் தேநீர் என்பதால் விலக்கு கிடையாது.

ஜன்னலோரம் | ஜூன் 6, இரவு 8:15

ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று. கடைசிக் கேள்வி. உயுனி விமானம் காலையில் சீக்கிரம் என்பதால் எல் ஆல்டோவிலேயே, விமான நிலையம் பக்கம் அறை எடுத்துவிடலாமா?

குட்டிச்சுவர் | ஜூன் 6, இரவு 8:22

எடுக்கலாம், தூங்கத்தான் முடியாது.

மாத்திரைப்பெட்டி | ஜூன் 6, இரவு 9:03

பகலில் எவ்வளவு மேலே போனீர்கள் என்பதைவிட எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு. தூக்கத்தில் மூச்சு மெலியும், 4,000-இல் நடு இரவு மூச்சுத் திணறி எழுந்து உட்காருவீர்கள். சோப்போகாச்சியில் எடுங்கள், மஞ்சள் தடத்தில் அங்கேயே நிலையம் இருக்கிறது, சுற்று முடித்துத் திரும்ப வசதி. இன்னும் தாழ வேண்டுமென்றால் கலக்கோட்டோ, ஆனால் காலையில் விமான நிலையம் தூரம். தூக்க மாத்திரையும் பீரும் அன்றிரவு வேண்டாம். டயமாக்ஸை உயுனியிலும் தொடருங்கள். அந்த ஊர் லா பாஸ் அளவு உயரம்தான், ஆனால் மூன்று நாள் ஜீப் சுற்றில் நிலத்திலிருந்து நீராவி பீறிடும் இடம் 4,800-ஐத் தாண்டும்.

வடக்குவாசல் | ஜூன் 6, இரவு 9:40

விடிகாலை டாக்சியை முந்தின இரவே தங்குமிடத்தில் சொல்லி வைத்துவிடுங்கள், கட்டணத்தையும் பேசி. அந்த நேரம் கேபிள் ஓடாது, ஓடினாலும் விமான நிலையத்துக்கு நேர்த் தடம் கிடையாது. ஜூன் விடிகாலை பூஜ்யத்துக்குப் பக்கம் குளிரும், ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கட்டிவிடாதீர்கள்.